இருதலை மணியன்: மொண்ணை வால், மணலுக்குள் வாழ்க்கை, விரியன் குழப்பம் (விவாத இழை)

தேரிமண் (இழையைத் தொடங்கியவர்)

இருதலை மணியன், இருதலைப் பாம்பு, செம்மண்ணுளி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் பாம்பு ஒன்றுதான். அறிவியல் பெயர் எரிக்ஸ் ஜானீ. துளி விஷம் கிடையாது. ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா என்று வறண்ட நிலம் உள்ள இடமெல்லாம் பரவியிருக்கிறது. தார் பாலைவனத்திலும் உண்டு, நம்மூர் முள்காட்டிலும் உண்டு.

பொதுவாக முக்கால் மீட்டர் நீளம். 1 மீட்டரைத் தாண்டினால் பெரிய பாம்பு என்று சொல்லலாம். கழுத்து என்று தனியாக ஒன்றும் தெரியாது. தலை முதல் வால் வரை ஒரே பருமனில் உலக்கை மாதிரி உருண்டு இருக்கும், வால் நுனி வெட்டிவிட்டாற்போல் மொண்ணை. செதில்கள் சின்னச் சின்னதாக, வழவழவென்று இருக்கும். குட்டியில் செம்பழுப்பு நிறமும், உடம்பின் பின்பகுதியில் கறுப்பு வளையங்களும் இருக்கும். வளர வளர வளையம் மங்கி, மண் நிறமோ கரும்பழுப்போ ஆகிவிடும். சிலவற்றுக்கு வாலில் மட்டும் வளையம் கடைசிவரை தங்கிவிடும்.

மூன்று விஷயங்களைப் பேசலாம். வால் ஏன் இப்படி? அந்த வெயிலில் எப்படிப் பிழைக்கிறது? கண்ணாடி விரியனோடு குழப்பிக்கொள்ளாமல் எப்படி அடையாளம் காண்பது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

செதிலெண்ணி

முதலில் பெயர்க் கதை, சுருக்கமாக. ஜானீ என்பது தரங்கம்பாடி மிஷனில் இருந்த ஜெர்மன் பாதிரியார் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜானின் பெயர். இந்தப் பாம்பை 1801-ல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய பாட்ரிக் ரஸ்ஸல் அவர் பெயரையே வைத்தார். மாதிரி கிடைத்த ஊராகப் பதிவாகியிருப்பதும் தரங்கம்பாடிதான். ராஜஸ்தான் பாம்பு என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். இன்னொரு வேடிக்கை, கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் இருப்பதும் இதே ரஸ்ஸலின் பெயர்தான்.

மண்ணுளி என்று சொல்லும்போது எந்த மண்ணுளி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தியாவில் மூன்று. இழையின் நாயகன் ஜானீ ஒன்று. சொரசொரச் செதிலும் திட்டுத்திட்டான வடிவமும் உள்ள கோனிகஸ் இன்னொன்று. மேற்குக் கடற்கரைப் பக்கம் இருக்கும் விட்டேக்கரி மூன்றாவது, இதற்கு 1991-ல்தான் தனி இனமாகப் பெயர் வைத்தார்கள். விரியனோடு குழப்பம் வருவது பெரும்பாலும் கோனிகஸில்தான், ஜானீயில் அல்ல. அதற்குத் தனியாக வருகிறேன்.

கள்ளிமேடு

வாலைப் பற்றி.

இந்தப் பாம்பைச் சீண்டினால் ஓடாது, சீறாது, கடிக்க வருவதும் அபூர்வம். உடம்பைச் சுருட்டித் தலையை நடுவில் அடியில் செருகிக்கொள்ளும். பிறகு வாலைத் தரையிலிருந்து லேசாக உயர்த்தி மெதுவாக அசைக்கும். தலை எப்படித் தேடித் தேடி நகருமோ அதே வேகம். கீரியோ பருந்தோ முதலில் கொத்துவது அதைத்தான். வாலில் பட்ட காயம் ஆறிவிடும், தலையில் பட்டால் கதை முடிந்தது.

வளர்ந்த பாம்பின் வால் நுனியைக் கிட்டத்தில் பார்த்தால் இது புரியும். வட்டமான நுனியில் செதில் வரிசை ஒழுங்கு கெட்டு, அங்கங்கே மெழுகு உருகி உறைந்த மாதிரி வழுக்கையான தழும்பு இருக்கும். ஒரு தழும்பு குழியாக இருந்தால் கண் மாதிரியும், நீளவாக்கில் இருந்தால் வாய் மாதிரியும் தோன்றும். வேடிக்கை காட்டிப் பிழைத்தவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கத்தியாலோ பழுக்கக் காய்ச்சிய கம்பியாலோ வாலில் கண்ணும் வாயும் போட்டதும் நடந்திருக்கிறது.

எலும்பிலும் ஒரு விசேஷம் உண்டு. இந்தக் கூட்டத்துப் பாம்புகளின் வால் முதுகெலும்புகளில் மற்ற பாம்புகளுக்கு இல்லாத கூடுதல் முனைகள் இருக்கும். புதைபடிவத்தில் ஒற்றை வால் எலும்பு கிடைத்தாலே மண்ணுளி வகை என்று சொல்லிவிடுவார்கள்.

ஐயக்காரன்

தழும்பு இருப்பதால் மட்டும் ஏமாற்று வேலை பலிக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? தழும்பு என்பது தப்பிப் பிழைத்த பாம்பின் கணக்கு மட்டும்தானே. தலையில் அடி வாங்கியவை செத்துப்போயிருக்கும், நம் கண்ணில் படாது.

அப்புறம், ஆறு மாதம் ஒரு தலை, ஆறு மாதம் இன்னொரு தலை என்று சொல்வதற்கு ஏதாவது அடிப்படை உண்டா? நக்கினால் குஷ்டம் வரும் என்பதையும் சேர்த்துக் கேட்கிறேன்.

கள்ளிமேடு

சரியான கேள்வி. தழும்பு மட்டுமே ஆதாரம் என்றால் நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் தலையை ஒளிப்பதும் வாலைத் தூக்குவதும் ஒரே நேரத்தில் நடக்கிறது, குட்டியிலேயே நடக்கிறது. வாலைக் காட்டுவது தற்செயல் என்றால் தலையை அடியில் செருகும் அதே நொடியில் அது நடக்க வேண்டியதில்லை. எத்தனை சதவீதம் தப்பிக்கிறது என்ற கணக்கு வேறு கேள்வி.

ஆறு மாதக் கதைக்கு அடிப்படை இந்த வால்தான். எந்தப் பக்கம் தலை என்று ஒரே பார்வையில் தெரியாது, அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் வயிற்றுப் பக்கம் பாருங்கள். குறுக்குச் செதில்கள் ஓடிவந்து முடியும் இடத்தில் கழிவுத் துவாரம் இருக்கும். அதற்குப் பிறகு வருவது வால். அது மொத்த நீளத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு. துவாரத்தின் இரு பக்கமும் நகம் மாதிரி இரண்டு சின்ன முட்கள் துருத்தி நிற்கும். பின்னங்கால்களின் மிச்சம் அது. ஆணில் பெரிதாகத் தெரியும்.

குஷ்டம் பாக்டீரியாவால் வருவது. பாம்பின் நாக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வாசனைத் துகளைப் பிடித்து வாயின் மேலண்ணத்தில் இருக்கும் உறுப்புக்குக் கொண்டுபோவதுதான் நாக்கின் வேலை.

மணற்குன்று

வெயிலுக்கு வருகிறேன். இதில் பாம்பின் சாமர்த்தியத்தைவிட மணலின் குணம்தான் பெரிது.

கோடை மதியம் தாரில் மணலின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். விடிகாலையில் 25-க்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆனால் காய்ந்த மணல் சூட்டைக் கீழே கடத்துவதில் படு மந்தம். ஏறக்குறைய ஒவ்வொரு 8 செ.மீ. ஆழத்துக்கும் அந்தப் பகல்-இரவு ஏற்ற இறக்கம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். 30 செ.மீ. கீழே போனால் மேலே 35 டிகிரி ஆட்டம் போட்டாலும் அங்கே ஓரிரு டிகிரிக்குள் அடங்கிவிடும். பாம்பு எலி வளைக்குள் அரை மீட்டர் இறங்கிவிட்டால் அதற்குப் பகலும் ஒன்றுதான், இரவும் ஒன்றுதான். வளைக்குள் காற்றில் ஈரமும் அதிகம், உடம்பு காய்ந்துபோவது குறையும்.

ஆக இந்தப் பாம்புக்கு வெயிலைத் தாங்குகிற உடம்பு இல்லை. வெயில் எட்டாத இடத்துக்குப் போகிற உடம்பு இருக்கிறது. மேலே வருவது அந்தி சாய்ந்த பிறகு.

மூஞ்சியைக் கவனியுங்கள். மேல் உதட்டு நுனிச் செதில் அகலமாக, முன்விளிம்பு மண்வெட்டியின் வாய் மாதிரி தட்டையாக இருக்கும். கீழ்த் தாடை அதற்கு உள்ளே அடங்கி நிற்கும். முன்னே தள்ளும்போது வாய்க்குள் மண் போகாமல் இருக்க இதுதான் ஏற்பாடு.

புதுமழை

மணலுக்குள் மூச்சு எப்படி விடும்? கண்ணில் மண் விழாதா?

மணற்குன்று

கண்ணுக்கு இமை கிடையாது. எல்லாப் பாம்புக்கும் போல ஒளி ஊடுருவும் ஒரு செதில் மேலே மூடியிருக்கும். சட்டை உரிக்கும்போது அதுவும் சேர்ந்தே கழன்று வரும். மண் உரசினாலும் கண்ணைத் தொடாது. கண்ணே மிகச் சின்னது, பாவை செங்குத்துக் கோடு.

மூக்குத் துவாரம் குறுகிய பிளவு. மணலில் துகள்களுக்கு நடுவே காற்று இருக்கிறது, பாம்புக்கு ஆக்சிஜன் தேவையும் கொஞ்சம்தான். நனைந்து இறுகிய மண்ணில்தான் சிக்கல். அதனால்தான் பெருமழைக்கு மறுநாள் இது வெளியே அதிகம் கண்ணில் படுகிறது. கரிசல் மண்ணை இது விரும்பாததற்கும் இதுவே காரணம், நனைந்தால் களி, காய்ந்தால் கல். தேரி மணல், செம்மண், ஓடைப் படுகை மாதிரி பொலபொலவென்ற மண்தான் அதற்குத் தோது.

ஓடைக்கரை

சாப்பாடு. எலிதான் முதல் இடம். நம் பக்கம் வெள்ளெலி, வயல் எலி, சுண்டெலி. தாரில் பாலைவன எலி. பல்லி, ஓணான் மாட்டினாலும் விடாது.

மலைப்பாம்புக்கு உதட்டில் சூட்டை உணரும் குழிகள் உண்டு, இதற்கு இல்லை. வாசனையும் தாடை வழியாக வரும் அதிர்வும்தான் வழிகாட்டி. மண்ணுக்குள் தலையை மட்டும் மேலாகத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு காத்திருக்கும். எலி பக்கத்தில் வந்ததும் பக்கவாட்டில் ஒரே வீச்சு. அதுவரை சோம்பேறி மாதிரி கிடந்த பாம்பா இது என்று தோன்றும்.

இறுக்கிக் கொல்லும். மூச்சுத் திணறிச் சாகிறது என்றுதான் வெகுகாலம் எழுதினார்கள். போவா பாம்பு இறுக்கும் எலிகளின் ரத்த அழுத்தத்தை அளந்து 2015-ல் வெளியான ஆய்வு வேறு மாதிரி காட்டியது. இறுக்கிய சில நொடிகளிலேயே ரத்த ஓட்டம் நின்றுபோகிறது, மூச்சு முட்டுவதற்கு முன்பே. எலி வளைக்குள் சுற்றி இறுக்க இடம் இருக்காது. அங்கே உடம்பால் வளைச் சுவரோடு சேர்த்து நெரித்துப் பிடிக்கும். ஒரே நேரத்தில் இரண்டு குஞ்சுகளைக்கூட இப்படி அமுக்கும்.

விவசாயிக்கு இதைவிட மலிவான எலிப்பொறி வேறு இல்லை. எலி வளைக்குள்ளேயே போய் வேலை செய்யும் பொறி.

செதிலெண்ணி

இனப்பெருக்கத்தில் ஒரு சுவாரசியம். ஜானீ முட்டையிடாது, குட்டி போடும். முட்டை வயிற்றுக்குள்ளேயே பொரிந்து, ஒரு ஈற்றில் 14 குட்டிகள் வரை வரும். பிறந்த நொடியிலிருந்து தாயின் உதவி கிடையாது.

ஆனால் இதே எரிக்ஸ் கூட்டத்தில் அரேபிய மணலில் வாழும் ஜயகாரி என்ற இனம் முட்டையிடுகிறது. மஸ்கட்டில் பணியாற்றிய இந்திய மருத்துவர் ஜயகாரின் பெயர் அதற்கு. முன்னோர்கள் எல்லாம் குட்டி போட்டவர்கள், இது மட்டும் முட்டைக்குத் திரும்பியிருக்கிறது. போன குணம் திரும்ப வராது என்ற டோலோ விதிக்கு எதிரான சாட்சியாக இதை 2010-ல் எடுத்து வைத்தார்கள். ஓட்டை உடைக்கும் முட்டைப் பல் அதன் குஞ்சுகளுக்கு இல்லை என்பதும் அந்த வாதத்துக்குப் பலம் சேர்த்தது.

இனி விரியன் விஷயம். இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், உயிர் சம்பந்தப்பட்டது.

ஜானீயை விரியன் என்று பயப்படுவது குறைவு. கோனிகஸையும் கண்ணாடி விரியனையும்தான் மாற்றிப் பார்க்கிறார்கள். இரண்டும் பருத்த உடம்பு, பழுப்பு நிறம், முதுகில் கரும் திட்டு. மண்ணுளி என்று நினைத்து விரியனைக் கையில் எடுப்பதுதான் ஆபத்து.

கண்ணாடி விரியனின் முதுகில் மூன்று வரிசைப் புள்ளிகள் சங்கிலி கோத்தாற்போல் ஓடும். ஒவ்வொன்றும் நீள்வட்டம், கறுப்பு விளிம்பு, பெரும்பாலும் அதற்கு வெளியே ஒரு வெளிறிய கோடு. கோனிகஸின் திட்டுகளுக்கு ஒழுங்கான உருவமே இருக்காது. ஒன்றோடொன்று ஒட்டிக் கோணல்மாணலாகப் போகும், விளிம்பு கிழிந்த துணி மாதிரி.

விரியனின் தலை கழுத்திலிருந்து தெளிவாகப் பிரிந்து அகலமாக இருக்கும், மூக்குத் துவாரம் பெரிது. கோனிகஸுக்குக் கழுத்து சரியாகத் தெரியாது, கண்ணும் மூக்கும் சின்னது. விரியனின் வால் படிப்படியாக மெலிந்து முடியும். கோனிகஸின் வால் கட்டையாக, திடீரென்று கூம்பி, தொட்டால் அரம் மாதிரி இருக்கும். தொட்டுப் பார்க்கச் சொல்லவில்லை! சத்தமும் ஒரு துப்பு: குக்கர் விசில் மாதிரி நீளச் சீறினால் விரியன்தான். ஆனால் சீறவில்லை என்பதால் விரியன் இல்லை என்று ஆகாது.

முக்கோணத் தலை என்றால் விஷம் என்ற விதியைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். நாகத்துக்கும் கட்டுவிரியனுக்கும் முக்கோணத் தலை கிடையாது.

ஐயக்காரன்

கடித்துவிட்டால்? மண்ணுளி என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிடலாமா?

செதிலெண்ணி

பாம்பு நிச்சயமாக ஜானீ என்றால் சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசி நிலவரத்தைப் பார்த்தால் போதும். பல் சின்னது, பின்னோக்கி வளைந்தது. கவ்விக்கொண்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். தோல் கிழியும், பாம்பின் பல் உடைந்து உள்ளே தங்கும்.

கடியை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் ஆஸ்பத்திரிதான். கட்டுப்போட்டு இறுக்க வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம்.

அங்கே செய்வது 20 நிமிட ரத்த உறைதல் சோதனை. நரம்பிலிருந்து 2 மி.லி. ரத்தம், புதிய சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்பார்கள். தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் வேலை செய்கிறது என்று பொருள். தவறு நடப்பது குழாயில்தான். பிளாஸ்டிக் குழாய், அல்லது சோப்புத் தூள் போட்டுக் கழுவிய குழாய் என்றால் நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கும். பொறுமையில்லாமல் நடுவில் ஆட்டிப் பார்த்தாலும் முடிவு கெட்டுவிடும். முதல் முறை உறைந்துவிட்டது என்பதற்காக வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து 24 மணி நேரம் கண்காணிப்பார்கள்.

புதுமழை

வீட்டுக்குள் வந்துவிட்டால் எங்கே கொண்டுபோய் விடுவது? பெரும்பாலும் தூரத்துக் காப்புக்காட்டில்தானே விடுகிறார்கள்.

ஓடைக்கரை

அதுதான் பிரச்சினை. இந்தப் பாம்பு தன் வட்டாரத்தில் எந்த வளை எங்கே என்று தெரிந்து வாழ்வது. 20 கிலோமீட்டர் தள்ளி விட்டால் அதற்கு ஒளிய இடம் தெரியாது, அலையும், வெயிலில் மாட்டும், சாலையில் நசுங்கும். அமெரிக்காவில் கிலுகிலுப்பைப் பாம்புகளை இடம் மாற்றிப் பார்த்து 1999-ல் வெளியான ஆய்வில், மாற்றப்பட்டவற்றின் சாவு உள்ளூர்ப் பாம்புகளைவிடப் பல மடங்கு இருந்தது.

தோட்டத்தில் பார்த்தால் விட்டுவிடுங்கள், தானே போய்விடும். வீட்டுக்குள் என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். இந்தியாவில் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். காத்திருக்கும்போது 2 மீட்டர் தள்ளி நின்று மூன்று படம் எடுத்து வையுங்கள்: தலையின் பக்கவாட்டு, நடு உடம்பு, வால்.

கள்ளிமேடு

இதில் ஓடைக்கரையோடு முழுதாக ஒத்துப்போக முடியாது. கிணற்று மேடு, டிராக்டர் உழவு நடக்கும் நிலம் என்றால் அங்கேயே விடுவது கொலைதான். உழவு கொழு 20, 25 செ.மீ. இறங்கும். பகலில் பாம்பு படுத்திருக்கும் ஆழமும் பல நேரம் அதுதான்.

ஓடைக்கரை

ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் அதே மண்வாகுள்ள பக்கத்து வரப்போ ஓடையோ, நடந்து போகிற தூரத்துக்குள். பிடித்தவர்கள் கவனிக்க வேண்டியது பருத்திப் பை, இரட்டை முடிச்சு, நிழல். சாக்கும் பிளாஸ்டிக்கும் வேண்டாம். வெயிலில் நின்ற காரின் டிக்கி ஒரு மணி நேரத்தில் பாம்பைக் கொன்றுவிடும். மாலை மங்கியதும் எலி வளை வாயருகே விட்டால் இரண்டு நிமிடத்தில் காணாமல் போகும்.

தேரிமண்

வியாபாரத்தைப் பேசாமல் இந்த இழை முடியாது. "டபுள் இன்ஜின்" என்று சொல்லி, அதிர்ஷ்டம், மருந்து, மாந்திரீகம் என்று லட்சக்கணக்கில் விலை பேசுகிறார்கள். 2016 முதல் 2021 வரை செய்திகளில் வந்த 172 பிடிபட்ட சம்பவங்களை டபிள்யூ.சி.எஸ்.-இந்தியா என்ற வனவுயிர்ப் பாதுகாப்பு அமைப்பு தொகுத்தது. அதிகம் மகாராஷ்டிராவில். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யு.சி.என்.) பட்டியலில் அச்சுறுத்தலுக்கு அருகில் என்ற நிலை. சர்வதேச வணிகத்துக்கு, வனவுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பு.

வாங்க வருகிறவர் மூன்று கிலோ பாம்பு வேண்டும் என்பார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 75 செ.மீ. நீளம், 3.5 செ.மீ. விட்டம் உள்ள உருளைக்குச் சுமார் 720 கன செ.மீ. பாம்பின் அடர்த்தி கிட்டத்தட்டத் தண்ணீர் அளவு. முனைகள் மெலிவதையும் கழித்தால் முக்கால் கிலோகூட வராது. மூன்று கிலோ வர வேண்டுமானால் 1 மீட்டர் பாம்பு 6 செ.மீ.க்கு மேல் விட்டத்தில் இருக்க வேண்டும். அப்படி ஒன்று கிடைக்காததால்தான் வயிற்றில் ஈயத்தையும் இரும்புக் குண்டையும் திணிக்கிறார்கள். குடல் கிழிந்து சாகிறது. விற்கிறவன், வாங்குகிறவன் இருவருமே ஏமாறுகிற சந்தையில் கணக்குத் தீர்வது பாம்பின் உயிரில்.

புதுமழை

கடைசியாக ஒன்று. உரித்த சட்டை மட்டும் கிடைத்தால் இனம் சொல்ல முடியுமா?

செதிலெண்ணி

முடியும், பாம்பைப் பார்ப்பதைவிட நிச்சயமாகவே சொல்லலாம். சட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசலோடு 10 நிமிடம் ஊறவிட்டுக் கறுப்புத் துணிமேல் விரியுங்கள். நீளத்தை நம்பாதீர்கள், உரியும்போது இழுபட்டுப் பாம்பைவிட நீளமாகத்தான் இருக்கும்.

நடு உடம்பில், வயிற்றுச் செதிலை ஒட்டிய முதல் வரிசையிலிருந்து சாய்வாக முதுகைத் தாண்டி மறுபக்கம் வரை எண்ணுங்கள். நேர்குறுக்காக எண்ணினால் தப்பாகும். 53 முதல் 67 வரை வந்தால் ஜானீ. 40 முதல் 55 வரை வந்து, ஒவ்வொரு செதிலிலும் நடுவில் மேடு இருந்தால் கோனிகஸ். 27 முதல் 33 என்றால் கண்ணாடி விரியன். நாகத்துக்கு 21 முதல் 25, அதோடு தலையில் பெரிய தகடுகள் இருக்கும். மண்ணுளித் தலையில் பொடிச் செதில்தான்.

எண்ண முடியாத அளவு கிழிந்திருந்தால் வாலின் அடியைப் பாருங்கள். துவாரத்துக்குப் பின்னால் வரும் செதில்கள் மண்ணுளிகளில் ஒற்றையாக முழுசாகப் போகும், கண்ணாடி விரியனில் இரண்டிரண்டாகப் பிரிந்திருக்கும். சுருட்டை விரியனுக்கும் அங்கே ஒற்றைதான், அதனால் இதைத் தனியாக நம்ப வேண்டாம். அதன் செதில் வரிசை 40-ஐ எட்டாது.